கிளையில் காய்த்த மல்லாட்டை

சிங்கவரம் பாண்டுரங்கன் மகள் ஜெயசுதாவுக்கு எதைப் பார்த்தாலும் அதிலுள்ள குறைதான் முதலில் கண்ணில் படும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், சாம்பாரில் பெருங்காயம் விட்டுப்போனதை இலையை மடிப்பதற்குள் சமையல்காரர் காதுக்கே எட்டும்படி சொல்லிவிடுவாள். ஒன்பதாம் வகுப்பில் பள்ளி ஆண்டு விழாவுக்கு அவளை நன்றியுரை சொல்லப் போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு உட்கார்ந்தார். ஜெயசுதா மைக்கருகே போய் நின்று, தலைமையாசிரியையைத் திரும்பிப் பார்த்து, "ஒரே விஷயத்தத்தான் டீச்சர் நாலு தடவ சொன்னாரு. எதுக்கு நன்றி சொல்றது?" என்று மெதுவாகக் கேட்டாள். மைக் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

அந்த வாயோடு அவள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து முடித்தாள். முடித்த கையோடு செஞ்சி கடைத்தெருவில் பூவராகவன் செட்டியாரின் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றாவது மாதம் மேல்மலையனூர்ப் பக்கமிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். மணப்பெண்ணின் அத்தை ஒரு சிவப்புச் சேலையை விரித்துப் பார்த்து, "சாயம் போவுமா?" என்று கேட்டாள். கடையில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. ஜெயசுதா அதைச் சொல்லவில்லை.

"மொதத் தண்ணியிலயே போவும்க்கா. கூட ஊறப்போட்ட துணியையும் சேத்துக் கெடுக்கும்."

கல்யாண வீட்டார் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். பூவராகவன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "நீ கடைய நடத்த வந்தியா, மூட வந்தியா?"

"கேட்டாங்க மொதலாளி, சொன்னேன்."

அன்று சாயந்திரமே அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கொரோனா காலத்தில் அவள் அண்ணன் ரஞ்சித், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தான். வரும்போது தான் பார்த்துப் பார்த்துப் பொருத்திய கம்ப்யூட்டரையும் போர்வையில் சுற்றி எடுத்து வந்திருந்தான். கேம் விளையாடுவதற்காகவே செய்த மிஷின் அது. கம்பெனி மறுபடி கூப்பிட்டபோது, எட்டுப் பேர் தங்கும் அறையில் அதை வைக்க இடமில்லை என்று இங்கேயே விட்டுவிட்டுப் போனான். விதை மூட்டைகள் அடுக்கிய பின்னறையில் அது ஒரு மாதம் சும்மா இருந்தது. அண்ணன் இதில் இவ்வளவு நாள் எதைக் கண்டான் என்று பார்க்கத்தான் ஜெயசுதா அதைப் போட்டாள். அவளுடைய எண்ணம், ஒன்றுமில்லை என்று நிரூபிப்பது.

ஏதோ ஒரு மந்திர ராஜ்யத்தின் கதை. நாம் அதற்குள் ஓர் ஆளாகப் போய்விட வேண்டும். ஊர் ஊராகச் சுற்றலாம், எதிர்ப்பட்டவரோடு பேசலாம், பூதங்களோடு சண்டை போடலாம். போடப் போட நம் ஆளுக்கு வலிமை கூடும், புது வாள் கிடைக்கும், கதை நகரும். ஜெயசுதா பதினோரு நாளில் அதை முடித்தாள். முடித்ததும், கேம் விளையாடுகிறவர்கள் கூடிப் பேசும் ஒரு இணையத்தளத்தில் ஐந்து பக்கத்துக்குத் தமிழில் எழுதிப் போட்டாள். "இந்த ராஜ்யத்தில் நானூறு பேர் வசிக்கிறார்கள். ஒருத்தர் வீட்டிலும் அடுப்பு இல்லை. என்னதான் தின்கிறார்கள் என்று கேட்டால் எல்லோரும் பூதத்தைப் பற்றியே பேசுகிறார்கள்" என்று அது ஆரம்பித்தது.

படித்தவர்கள் சிரித்தார்கள், இன்னொன்றையும் விளையாடி எழுதச் சொன்னார்கள். அவளும் எழுதினாள். நான்கு வருஷத்தில் முப்பதுக்கு மேல் எழுதியிருப்பாள். ஒரு கேமைக்கூட அவள் முழுசாகப் பாராட்டவில்லை. ஆனால் ஒரு கேமைக்கூட முடிக்காமல் திட்டவுமில்லை. பாதி விளையாடிவிட்டுக் குறை சொல்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

அப்படித்தான் விக்ரமனின் கண்ணில் பட்டாள். விக்ரமன் ஜவுளிக்கடை பூவராகவனின் ஒரே மகன். வெளிநாட்டில் இரண்டு வருஷம் படித்துவிட்டுச் சென்னையில் 'அகழி கேம்ஸ்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தான். அப்பா கடையிலிருந்து துரத்தப்பட்ட பெண் இவள்தான் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு நாள் காலை போன் செய்தான்.

"நீங்க எழுதறது ரொம்பக் கடுமையா இருக்குதுங்க. ஆனா சரியா இருக்குது. எங்க கேம வெளிய விடறதுக்கு முன்னாடி நீங்க விளையாடிப் பாத்துத் தப்பெல்லாம் சொல்லணும். வீட்ல இருந்தே பண்ணலாம்."

"தப்பு கண்டுபுடிக்கறதுக்குச் சம்பளமா சார்?"

"ஆமா. அதுக்குத்தான்."

அவள் அம்மா வள்ளியம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இத்தினி வருஷமா எங்களுக்குச் சும்மா செஞ்சியேடி" என்றாள்.

விக்ரமனின் கேமுக்குப் பெயர் 'முக்குன்றம்'. மூன்று மலைகளை மதில் சுவரால் இணைத்த ஒரு கோட்டை, அதைச் சுற்றி ஒரு மாய ராஜ்யம். எந்த ஊரைப் பார்த்து வரைந்தது என்று செஞ்சிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதாநாயகன், தான் இளவரசன் என்று தெரியாமல் மாடு மேய்க்கிற ஓர் அநாதை. அதைக் கேட்டதுமே ஜெயசுதா, மாடு மேய்த்துக்கொண்டு மாடு மேய்ப்பவனாகவே இருக்கிற ஒருத்தன் எந்த ராஜ்யத்திலாவது கதாநாயகன் ஆவானா என்று யோசித்தாள். ஆனால் அது அவளைக் கேட்டு வைத்த கதை இல்லை.

வேலை தொடங்கியது. காலையில் கோழிக்குத் தவிடு வைத்துவிட்டுப் பின்னறையில் உட்காருவாள். மதியம் கரண்ட் போனால் எழுந்து வருவாள். அவள் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு தப்புக்கும் ஓர் எண் போட்டு அனுப்ப வேண்டும்.

தப்புக்கா பஞ்சம்? கதாநாயகன் யார் வீட்டுக்குள் வேண்டுமானாலும் நுழைந்து அரிசிப் பானையைக் கவிழ்த்துக் காசை எடுத்துக்கொள்வான். வீட்டுக்காரி பக்கத்தில் நின்றுகொண்டே, "வருக வீரரே, இன்று வெயில் அதிகம்" என்பாள். சிங்கவரத்தில் ஒருத்தன் அப்படி நுழைந்து பார்க்கட்டும். ஆட்டைத் தொலைத்த ஒரு கிழவன் இருந்தான். ஆட்டைத் தேடிப் பிடித்து அவன் மடியிலேயே கொண்டுவந்து விட்டாலும், ஆட்டைத் தடவிக்கொண்டே "என் ஆட்டைக் கண்டீர்களா?" என்று கேட்பான். சித்திரை வெயிலில் ஆண் வீரர்கள் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் போட்டிருந்தார்கள். பெண் வீரர்களுக்கு மட்டும் வயிற்றுப் பக்கம் இரும்பு தீர்ந்துபோயிருந்தது. கத்திக்குத்து விழ விழ, சண்டையை நிறுத்தாமல் நாற்பது மாம்பழம் தின்று உயிரைக் கூட்டிக்கொள்ளலாம். "நாற்பதாவது மாம்பழத்தில் எதிரிக்கே பாவமாக இருக்கும்" என்று ஜெயசுதா குறிப்பில் எழுதினாள்.

வயல்கள் இன்னும் மோசம். நெல் வருஷம் முழுக்க ஒரே உயரத்தில் நின்றது. நடவும் இல்லை, அறுப்பும் இல்லை, வாய்க்கால்கூட இல்லை. ஒரு விவசாயி விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒரே இடத்தில் மண்வெட்டியால் கொத்திக்கொண்டே இருந்தான். மண் மட்டும் கொத்தப்படவே இல்லை. பாண்டுரங்கன் ஒரு நாள் விதை மூட்டை எடுக்க வந்தவர் அதை நின்று பார்த்தார்.

"இவன் யாருக்குக் கூலிக்கு வந்தவன்?"

"யாருக்கும் இல்ல நைனா. சும்மா அழகுக்கு வெச்சிருக்காங்க."

"கொடுத்து வெச்சவன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டே இரண்டு விஷயங்கள் ஜெயசுதாவின் வாயை அடைத்தன. ஒன்று, மலையேறுவது. கோட்டைப் பாறையில் நம் ஆள் கை வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து ஏற வேண்டும். மதியம் ஏறினால் பாறை சுடும், கை வழுக்கும். காலையில் ஏறினால் சுலபம். மேலே போகப் போகக் கீழே கேட்ட சத்தங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, உச்சியில் காற்று மட்டும் காதில் அறையும். செஞ்சிக்கோட்டை ராஜகிரி மலைக்கு நாலைந்து தடவை ஏறியிருந்த ஜெயசுதா, முதல் முறை அந்த உச்சியில் போய் நின்றபோது தன்னையறியாமல் தாவணியை இழுத்துச் செருகிக்கொள்ளக் கை போனதைக் கண்டாள். அவள் போட்டிருந்தது நைட்டி.

இன்னொன்று, கோட்டை வாசலில் சுங்கம் வசூலிக்கிற ஒரு பெண். பேர் கிடையாது. ஆனால் அந்த ராஜ்யத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் ஞாபகம் இருந்தது. நேற்று நாம் யார் வீட்டில் திருடினோம், யாருக்கு வாக்குக் கொடுத்து ஏமாற்றினோம் என்றெல்லாம் அவள் காதுக்குப் போய்விடும். அடுத்த முறை வாசலுக்கு வந்தால் பேச்சு மாறும். நல்லவனிடம் எரிந்து விழுந்துகொண்டே சரியான வழியைச் சொல்வாள், திருடனிடம் தேனொழுகப் பேசித் தவறான பாதையைக் காட்டிவிடுவாள். ஜெயசுதா அவளிடம் பேசுவதற்காகவே கோட்டைக்கு வெளியே போய்ப் போய் வந்தாள்.

"சுங்கக்காரிய யாரு எழுதினது?" என்று கம்பெனிக்குச் செய்தி அனுப்பினாள். அரை மணி கழித்து, "நான்தான், ஜெயஸ்ரீ. ஏன், என்ன தப்பு?" என்று பதில் வந்தது. "தப்பு இல்ல. அதான் கேட்டேன்" என்று இவள் எழுதினாள். இருவரும் அன்றிலிருந்து பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஜெயஸ்ரீக்கும் பூர்வீகம் செஞ்சிதான். கடைத்தெருவில் அவள் பெரியப்பாவுக்கு மளிகைக்கடை இருந்தது.

அறுநூற்றுப் பன்னிரண்டாவது தப்பில்தான் வினை வந்தது. அந்தக் கட்டத்தில் கதாநாயகன் ஒரு தோட்டத்துக்குள் போய், பசித்த படைவீரனுக்கு வேர்க்கடலை பறித்துக்கொண்டுவர வேண்டும். செஞ்சிப் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பேர். ஊரைச் சுற்றி மானாவாரி நிலமெல்லாம் அதுதான். ஜெயசுதா தோட்டத்துக்குள் போனாள். இடுப்பளவு செடிகள். ஒவ்வொரு செடியின் கிளையிலும் தக்காளி தொங்குவதைப் போல, ஓட்டோடு மல்லாட்டை கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றடித்தால் ஆடவும் ஆடியது.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். அப்படியேதான் இருந்தது.

குறிப்பு எழுதினாள்: "மல்லாட்டை மண்ணுக்கடியில் காய்ப்பது. செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, அப்புறம் காயை ஆய வேண்டும். தயவுசெய்து மாற்றவும்." இரண்டு நாளில் பதில் வந்தது: "விளையாடுபவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் இப்படியே இருக்கட்டும். மாற்றம் இல்லை." எண் மூடப்பட்டது. அவள் திறந்தாள். மறுபடி மூடப்பட்டது. ஐந்தாவது முறை விக்ரமனே போனில் வந்தான்.

"ஜெயசுதா, இது ஒரு கற்பனை உலகம்ங்க. டிராகன் பறக்குது, அத்த ஒத்துக்கறீங்க. கடலைய மட்டும் ஏன் புடிச்சுத் தொங்கறீங்க?"

"டிராகன நான் பாத்ததில்ல சார். அது எப்பிடிப் பறந்தாலும் சரி. மல்லாட்டைய நான் பிடுங்கிருக்கேன். நீங்க செஞ்சியில பொறந்தவரு. மல்லாட்டை வயல ஒரு தடவையாவது பாத்துருக்கீங்களா?"

"பஸ்ல போறப்ப பாத்துருக்கேன்" என்றான்.

பஸ்ஸிலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும் என்று சொல்ல வந்தவள், சம்பளம் கொடுப்பவனாயிற்றே என்று அந்த ஒரு முறை வாயை மூடிக்கொண்டாள். பின்னால் அதற்காகத் தன்னையே பல முறை திட்டிக்கொண்டாள்.

கேமை வெளியிடும் விழாவைச் செஞ்சியிலேயே வைத்தான் விக்ரமன். கல்யாண மண்டபம் ஒன்றை எடுத்து, மணமேடை இருந்த இடத்தில் பெரிய திரை கட்டி, வாசலில் வாழைமரமும் டிராகன் படமும் வைத்திருந்தார்கள். கடைத்தெரு வியாபாரிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து கேமரா சகிதம் ஒரு வேன் நிறைய ஆட்கள். ஜெயசுதாவை 'இந்த மண்ணின் மகள்' என்று அழைப்பிதழில் போட்டு, இரண்டு நிமிஷம் பேசச் சொல்லியிருந்தார்கள்.

"நல்லத மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நாம ஆபீஸ்ல பேசிக்கலாம்" என்றான் விக்ரமன். பட்டுச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

அவளும் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். மலையேறுவதையும் சுங்கக்காரியையும் பற்றி ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். ஜெயஸ்ரீயை அன்றுதான் நேரில் பார்த்தாள். கண்ணாடி போட்ட, சதா எதையோ தேடுகிற மாதிரி முகமுள்ள பெண். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பாண்டுரங்கன் வெளுத்த வேட்டி கட்டி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அழைப்பிதழில் மகள் பெயர் அச்சாகியிருந்ததால் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

திரையில் கேம் ஓடியது. மலை வந்தது, கைதட்டினார்கள். டிராகன் வந்தது, விசிலடித்தார்கள். அப்புறம் தோட்டம் வந்தது. கதாநாயகன் கிளையிலிருந்து கொத்தாக எதையோ பறித்தான்.

"இன்னாம்மா அது, கொத்தவரங்காயா?" என்று பாண்டுரங்கன் முன்வரிசையிலிருந்த மகளைக் கேட்டார். வயலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேசிப் பழகிய குரல். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மல்லாட்டை நைனா."

"மல்லாட்டையா? மேலயா?"

ஆங்காங்கே சிரிப்பு கிளம்பியது. சிங்கவரம், நாட்டார்மங்கலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். விக்ரமன் மேடையில் மைக்கைப் பிடித்தான்.

"ஐயா, இது மந்திர உலகம். இங்க கடலை மேலதான் காய்க்கும். டவுனுக்கு வந்தா கொஞ்சம் புது விஷயத்தையும் கத்துக்கணும்ல?"

இப்போது கடைத்தெருக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு திரையை விட்டு இறங்கி மூன்றாவது வரிசைக்கு வந்துவிட்டது. பாண்டுரங்கன் என்ன செய்வதென்று தெரியாமல் தானும் சிரித்துவைத்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்து, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

ஜெயசுதா மேடையேறினாள். தாளைப் பிரிக்கவில்லை.

"மந்திர உலகம்னு சொன்னாரு சார். சரி. அந்த மந்திர உலகத்துல மாடு நாலு கால்ல நடக்குது. மழ மேல இருந்து கீழ பெய்யுது. குத்துனா ரத்தம் வருது. செவப்பாத்தான் வருது. இதெல்லாம் சரியாப் பண்ணத் தெரிஞ்சவங்களுக்கு மல்லாட்டை மட்டும் எப்பிடி மந்திரமாப் போச்சு? இது மந்திரம் இல்ல. தெரியாதது. தெரியாதுன்னு சொன்னா முடிஞ்சு போச்சு. அத்த வுட்டுட்டு, தெரிஞ்சவரப் பாத்து எதுக்குச் சிரிக்கணும்?"

அங்கேயே அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டு வருஷமாக எண் போட்டு அடுக்கியது மொத்தமும் வரிசையாக வந்தது: அரிசிப் பானை, ஆட்டுக் கிழவன், இரும்பு தீர்ந்த கவசம், மாம்பழம். நடுவில் மலையேறுவதைப் புகழ்ந்தாள், சுங்கக்காரியைப் புகழ்ந்தாள். மைக்கை அணைத்தார்கள். அவளுக்கும் பாண்டுரங்கனின் குரல்தான். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது.

"சுங்கக்காரிய எழுதினவங்களுக்குத்தான் மூள வேல செஞ்சிருக்குது. மிச்சக் கதைய எழுதினவங்க தூங்கிக்கினே எழுதியிருக்காங்க" என்று முடித்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

கீழே பூவராகவன் மகன் பக்கம் குனிந்து, "நான் மூணு மாசத்துல அனுப்பிட்டேன். நீ எப்பிட்றா ரெண்டு வருஷம் வெச்சிருந்த?" என்று கேட்டது அவள் காதில் விழுந்தது. அது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பஸ் சிங்கவரத்தை நெருங்கும்போதுதான் பாண்டுரங்கன் வாயைத் திறந்தார்.

"எனக்காவப் பேசின, சரி. அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு இன்னாத்துக்கு அழுதுது?"

"யாரு? ஜெயஸ்ரீயா? அவள நான் பாராட்டித்தான பேசினேன்."

"பாராட்டினா அப்பிடி அழ மாட்டாங்கம்மா."

மறுநாள் காலை ஜெயஸ்ரீக்குப் போன் செய்தாள். மூன்றாவது முறைதான் எடுத்தாள்.

"மிச்சத்தையும் நான்தான் எழுதினேன்" என்றாள் ஜெயஸ்ரீ. "சுங்கக்காரிக்கு ஆறு மாசம் குடுத்தாங்க. அப்புறம் கேம் லேட் ஆவுதுன்னு, மூணு வாரத்துல நானூறு பேருக்கு வசனம் வேணும்னாங்க. நீ சொன்னது கரெக்ட்தான், பாதி தூங்கிக்கிட்டுத்தான் எழுதினேன். ஆனா எங்க பெரியப்பா முன்னாடி சொன்ன."

ஜெயசுதாவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. "தெரிஞ்சிருந்தா மெதுவா சொல்லியிருப்பேன்" என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான மன்னிப்பு என்று அவளுக்கே தெரிந்தது. ஜெயஸ்ரீ போனை வைத்துவிட்டாள். மற்றவர் வேலையில் அறுநூறு தப்பு கண்டுபிடித்தவள், அன்று முழுவதும் அந்த ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துக் கூசிக்கொண்டிருந்தாள். பேசவேண்டிய ஆள் யார் என்று தெரிந்துகொள்ளாமல் பேசியது, மல்லாட்டையைக் கிளையில் தொங்கவிட்டதற்குக் குறைந்ததில்லை என்று அவளுக்குப் பட்டது.

கம்பெனியிலிருந்து இரண்டு வரியில் கடிதம் வந்தது. அவளுடைய சேவை இனித் தேவையில்லை. அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பாராதது அப்புறம் நடந்தது. மண்டபத்தில் யாரோ எடுத்த வீடியோ பரவி, கிளை மல்லாட்டையைப் பார்த்து ஊரே சிரித்தது. விக்ரமன் வெட்கப்படுவான் என்று பார்த்தால், அவன் அதையே வியாபாரமாக்கினான். அடுத்த மாதம் கேமில் 'மாயக் கடலை' என்று ஒன்றைச் சேர்த்தான். தின்றால் உயிர் இரண்டு மடங்காகும். வேண்டுமென்றே நகைச்சுவைக்காக முதலிலிருந்தே அப்படி வைத்திருந்ததாகப் பேட்டி கொடுத்தான். கடலைக்கொத்து தொங்கும் தொப்பியைக் கதாநாயகன் தலையில் மாட்டிக்கொள்ளலாம் என்றதும், அதற்கென்றே புதிதாக ஆட்கள் விளையாட வந்தார்கள். ஆட்டுக் கிழவன் அப்படியேதான் இருந்தான். அவனைத் திருத்த யாருக்கும் நேரமில்லை. தொப்பி தைக்கத்தான் நேரம் இருந்தது.

"தப்பத் திருத்தறத வுட அதுக்குக் கொண்ட போட்டுப் பூ வெக்கறது சுலபம்" என்றாள் ஜெயசுதா அம்மாவிடம்.

"நீ மொதல்ல சாப்டு" என்றாள் வள்ளியம்மாள்.

ஒரு மாதம் பின்னறைப் பக்கமே போகாமல் அப்பாவோடு வயலுக்குப் போனாள். அப்புறம் ஒரு மதியம், சும்மாதான், 'முக்குன்றம்' போட்டாள். யாரும் எண் கேட்கவில்லை, யாருக்கும் குறிப்பு அனுப்ப வேண்டியதில்லை. மலையில் ஏறினாள். வாசலுக்கு வந்து சுங்கக்காரியிடம் பேசினாள். மறுநாளும் போட்டாள். தன்னை வேலையை விட்டு நீக்கிய கம்பெனியின் கேமை, அதிலுள்ள ஓட்டையெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த கேமை, இஷ்டப்பட்டு விளையாடுகிறோம் என்பது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சலோடே இரண்டு வாரம் விளையாடினாள்.

அதன் பிறகு உட்கார்ந்து விமர்சனம் எழுதினாள். மேடையில் பேசியதைப் போல அல்ல. மூன்று நாள் எழுதினாள். குறைகளுக்கு எட்டரைப் பக்கம் போயிற்று. நிறைக்கு ஒன்றரைப் பக்கம். அந்த ஒன்றரைப் பக்கத்தில், "இந்த மலையைச் செய்தவர்களுக்கு உடம்பு என்றால் என்ன என்று தெரியும், வெயில் என்றால் என்ன என்று தெரியும். இவர்களை மட்டும் வைத்து ஒரு கேம் செய்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன், இன்னமும் ஏறிக்கொண்டிருப்பேன்" என்று எழுதினாள். சுங்கக்காரியைப் பற்றி எழுதும்போது, மூன்று வாரத்தில் நானூறு பேருக்கு வசனம் எழுதச் சொன்னால் எவராக இருந்தாலும் தூங்கித்தான் எழுதுவார்கள், தூங்கவைத்தவர்களைக் கேளுங்கள் என்றும் சேர்த்தாள்.

விக்ரமன் போன் செய்தான். குரலில் கோபம் இல்லை. சரக்கு விற்கிறவனின் இனிமை வந்திருந்தது.

"படிச்சேங்க. 'இன்னமும் ஏறிக்கொண்டிருப்பேன்'னு எழுதியிருக்கீங்களே, சூப்பர். அத்த விளம்பரத்துல போட்டுக்கறோம்."

"முழுசாப் போடறதுன்னா போடுங்க சார்."

"பத்துப் பக்கத்த எப்பிடிங்க விளம்பரத்துல போடறது?"

"அப்ப ஒண்ணும் போடாதீங்க."

போட்டான். 'இன்னமும் ஏறிக்கொண்டிருப்பேன் - ஜெயசுதா, செஞ்சி' என்று டிராகன் படத்துக்குக் கீழே வந்தது. அவள் அந்த விளம்பரத்துக்கு அடியிலேயே தன்னுடைய பத்துப் பக்கத்தையும் துண்டு துண்டாக வெட்டி, இருபத்தேழு பதிலாகப் போட்டாள். அழித்தார்கள். மறுபடி போட்டாள். மூன்றாம் நாள் விளம்பரத்தையே எடுத்துவிட்டார்கள்.

அந்த வாரம் ஜெயஸ்ரீயிடமிருந்து செய்தி வந்தது. அகழியை விட்டு விலகிவிட்டாளாம். மலையைச் செய்த இருவரும் அவளோடு வந்துவிட்டார்களாம். மூன்று பேராகச் சேர்ந்து சின்னதாக ஒரு கேம் செய்கிறார்கள்: எதிரிப்படை முற்றுகையிட்ட ஒரு கோட்டைக்குள், வாள் எடுக்கத் தெரியாத ஒரு சமையல்காரி இருக்கும் தானியத்தை வைத்து எத்தனை நாள் எல்லோரையும் உயிரோடு வைத்திருக்கிறாள் என்பதுதான் கதை.

ஜெயசுதா போன் செய்தாள். ஜெயஸ்ரீதான் பேச்சை எடுத்தாள்.

"முதல் கட்டம் முடிஞ்சிருக்குது. பாத்துச் சொல்றியா? குடுக்கறதுக்கு இப்ப எங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

"அனுப்பு. ஆனா நீ எழுதினது எது, மத்தவங்க எழுதினது எதுன்னு மொதல்லயே சொல்லிடு."

"எல்லாமே நான்தான்."

"அப்ப உன்கிட்ட மட்டும் சொல்றேன்."

மறுநாள் காலை கோழிக்குத் தவிடு வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய் உட்கார்ந்தாள். கோட்டை திரையில் விரிந்தது. முற்றுகைக்கு முந்தைய நாள் காலை, சமையல்காரி தலையில் கூடையோடு பெரிய வாசலை நோக்கி நடந்தாள். நான்கு காவலர்கள் கதவைத் தள்ளினார்கள். ஜெயசுதா அங்கேயே நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தாள்: "எண் ஒன்று. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. கோட்டைக் கதவு உள்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரி வெளியே ஒரு பாறாங்கல்லை உருட்டி வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுவான்."